புராஸ்டேட் புற்றுநோய் வந்த வீட்டில் கணவன், மனைவி இருவருக்கும் துணை நிற்பது எப்படி

மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு கிராமத்தில், புராஸ்டேட் அறுவைச் சிகிச்சை முடிந்து ஐந்து வாரமான ஒருவரைத் திருவனந்தபுரத்துக்கு மறுபரிசோதனைக்கு அழைத்துச் செல்வதற்காக, விடியற்காலை ஐந்து மணிக்கே நான் போயிருந்தேன். அவருடைய மனைவி கிணற்றடியில் படுக்கை விரிப்பையும் இரண்டு வேட்டிகளையும் அலசிக்கொண்டிருந்தார். “பிள்ளைக்க அப்பா எழும்புமுன்ன காயப் போட்டிரணும், கண்டா மனசு சங்கடப்படும்” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். உள்ளே போனால் அவர் விழித்துத்தான் கிடந்தார். மனைவி துவைத்து முடித்து வரும்வரை உறங்குவதுபோலக் கண்களை மூடிக்கொண்டு கிடப்பது, சிறுநீர்க் குழாயை எடுத்த நாள் முதல் அவருக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. தனக்குத் தெரியும் என்று தெரிந்தால் அவள் இன்னும் வருந்துவாள் என்று, மருத்துவமனையில் மனைவி சீட்டு எடுக்கப் போயிருந்த இடைவெளியில் அவர் என்னிடம் சொன்னார். முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்த இரண்டு பேர், ஒருவர் மற்றவரின் மனம் நோகக் கூடாது என்றெண்ணி, ஒரே வீட்டுக்குள் இப்படி ஒளிந்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

இந்த நோய் வருவது ஆணின் உடலில்தான். ஆனால் அது கைவைக்கும் இடங்களான சிறுநீர், படுக்கை, இரவு உறக்கம், தாம்பத்தியம் ஆகிய யாவும் இருவருக்கும் பொதுவானவை. இது மகன், மகள், மருமகள், உடன்பிறந்தோர், அயல்வீட்டார், என்னைப் போன்ற தொண்டர்கள் ஆகியோருக்காக எழுதியது. மருந்து வாங்கிக் கொடுப்பதையும் வண்டி ஏற்பாடு செய்வதையும் நாம் நன்றாகவே செய்துவிடுகிறோம். அந்த இருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு இடமும் நேரமும் சொற்களும் உண்டாக்கிக் கொடுப்பதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

நோயைப் பற்றி நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்த் தாரையைச் சுற்றி, ஏறத்தாழ ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் அமைந்த சுரப்பி. வயதாக ஆக இது பருத்துச் சிறுநீரைத் தடுப்பது மிகச் சாதாரணமாக நடப்பது. அந்த வீக்கம் வேறு, புற்றுநோய் வேறு. பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையில் அளவு கூடியிருந்தாலே புற்றுநோய் என்று முடிவு கட்டிவிட முடியாது, ஏனெனில் சாதாரண வீக்கத்திலும் சிறுநீர்த் தொற்றிலும்கூட அது கூடும். சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சியே நோயை உறுதிப்படுத்துகிறது. அந்த அறிக்கையில் ‘கிளீசன் ஸ்கோர்’ என்று 6 முதல் 10 வரை ஓர் எண் இருக்கும். 6 என்றால் மெதுவாக வளரும் தன்மை, 8 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான தன்மை. பத்துக்கு ஆறு என்று படித்துவிட்டுப் பாதி நோய் முற்றிவிட்டது என்று அழுத மகளை எனக்குத் தெரியும். உண்மையில் அந்த அளவுகோலில் அதுதான் மிகக் குறைந்த எண்.

மெதுவாக வளரும் சிறு கட்டியாக இருந்தால் உடனடியாக எதுவும் செய்யாமல், குறித்த கால இடைவெளியில் பரிசோதித்துக் கண்காணிப்பதே பலருக்குச் சரியான சிகிச்சையாக இருக்கும். மற்றவர்களுக்கு அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு, ஹார்மோனை அடக்கும் ஊசி அல்லது மாத்திரை, கீமோ என்று நோயின் நிலையைப் பொறுத்து ஒன்றோ பலவோ தேவைப்படும். கண்காணிப்பில் இருப்பவரிடம் “ஒண்ணும் செய்யாம விட்டுட்டாங்களே” என்று உறவினர் சொல்லும் ஒரு வாக்கியம், அந்தத் தம்பதி பல மாதங்களாகச் சேர்த்துவைத்த மனத்தெளிவைக் கலைத்துவிடும். வீட்டுக்கு வருகிறவர்களை அப்படிப் பேசாமல் பார்த்துக்கொள்வதும் துணையாளரின் பொறுப்புதான்.

மருத்துவரின் அறையில் இரண்டு நாற்காலிகள்

நம் பக்கத்தில் வழக்கமாக நடப்பது என்னவென்றால், அப்பாவும் மகனும் மருத்துவரின் அறைக்குள் போவார்கள். அம்மா பிளாஸ்கும் பையுமாக வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். பின்பு மகன் வெளியே வந்து, தான் புரிந்துகொண்டதில் பாதியை வடிகட்டி அம்மாவிடம் சொல்வான். இதை மாற்றுங்கள். இரவில் எத்தனை முறை எழுகிறார், சிறுநீர் வர எவ்வளவு நேரம் நிற்கிறார், முதுகில் எங்கே கை வைத்துக்கொண்டு நடக்கிறார், எந்த மாத்திரையை வாங்கிவிட்டுச் சாப்பிடாமல் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அவருடைய மனைவிக்கே தெரியும். முதல் ஆலோசனைக்கே இருவரையும் சேர்த்து உள்ளே அனுப்பி, இடம் போதவில்லையென்றால் நீங்கள் வெளியே நில்லுங்கள்.

திருவனந்தபுரத்தில் 1981 முதல் இயங்கிவரும் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் அதையொட்டிய மருத்துவக் கல்லூரிக்கும் குமரி மாவட்டத்திலிருந்து நாள்தோறும் ஆட்கள் போய்வருகிறார்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தவர்களுக்கு மலையாளம் பழக்கம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு அத்தனை பழக்கம் இல்லை. செவிலியர் “பனி உண்டோ?” என்று கேட்டால் அது காய்ச்சல் உண்டா என்ற கேள்வி. கீமோ எடுப்பவரிடம் கேட்கப்படும் கேள்விகளிலேயே மிக முக்கியமானது அது. அதற்குக் குளிரைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்தவர்கள் உண்டு. புரிந்ததுபோல இருப்பதைவிட, “தமிழில் ஒரு முறை சொல்லுங்கள்” என்று கேட்பதே பாதுகாப்பு. அங்குள்ள செவிலியர் பலருக்கும் தமிழ் தெரியும், கேட்டால் சொல்வார்கள்.

கூட்டம் மிகுந்த இடத்தில் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. ஆகவே முந்தைய நாள் இரவு அவ்விருவரையும் உட்காரவைத்து, அவரவர் கேள்விகளை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதச் செய்யுங்கள். நோய் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறதா, எலும்புக்குப் போயிருக்கிறதா, எங்களுக்கு எத்தனை வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் சிறுநீர்க் கட்டுப்பாடு என்னவாகும், தாம்பத்தியம் என்னவாகும், எத்தனை முறை வர வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பவை அதில் இருக்க வேண்டும். தாம்பத்தியம் பற்றிய கேள்வியைப் பிள்ளைகள் முன்னிலையில் எந்தத் தந்தையும் கேட்கமாட்டார். அந்த இடத்தில் “நான் போய்ச் சீட்டு வாங்கி வருகிறேன்” என்று நீங்கள் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். அதே நோட்டில் தேதிவாரியாகப் பி.எஸ்.ஏ. அளவு, போட்ட ஊசி, அடுத்த வருகை ஆகியவற்றையும் எழுதி வைத்தால், எல்லைக்கு இருபுறமும் மருத்துவமனை மாறும்போது அதுவே பெரிய உதவியாக இருக்கும்.

“அம்மாவிடம் சொல்ல வேண்டாம்”

“அப்பாவிடம் சொல்லாதீர்கள்”, “அம்மா தாங்கமாட்டாள்” என்ற இரண்டு வேண்டுகோள்களும் ஒரே வீட்டிலிருந்து ஒரே வாரத்தில் எனக்கு வந்ததுண்டு. மருத்துவமனையின் வாசலில் பெரிய எழுத்தில் புற்றுநோய் மையம் என்று எழுதியிருக்கும்போது யாரிடம் எதை மறைப்பது? மறைக்கப்பட்டவர் தெரியாததுபோல நடிக்க வேண்டியிருப்பதுதான் மிச்சம். அதற்காக வற்புறுத்தி எல்லாவற்றையும் கொட்டிவிடவும் கூடாது. “மருத்துவர் சொன்னதில் உங்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும், யார் சொன்னால் நல்லது?” என்று அவரிடமே கேளுங்கள். சிலர் எல்லா எண்களையும் கேட்பார்கள். சிலர் “அவளிடம் சொல்லுங்கள், அவள் எனக்குச் சொல்லட்டும்” என்பார்கள். இரண்டுமே ஏற்கத்தக்க விடைகள். ஊருக்கும் உறவினருக்கும் எவ்வளவு சொல்வது என்பதையும் அவ்விருவருமே முடிவு செய்ய வேண்டும்; அதற்குப் பிறகு கல்யாண வீட்டில் யார் துருவிக் கேட்டாலும் நீங்கள் அந்த எல்லையைத் தாண்டக் கூடாது.

குழாயும் ஈரமும்

புராஸ்டேட்டை முழுவதுமாக எடுத்த பிறகு ஒன்று அல்லது இரண்டு வாரம் சிறுநீர்க் குழாயுடன் வீட்டில் இருக்க வேண்டி வரும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், குழாய் மடங்கக் கூடாது, பாதிக்குச் சற்று மேல் நிறைந்ததும் காலி செய்ய வேண்டும், தொடுமுன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். பேருந்தில் போகும்போது மற்றவர் கண்ணில் படாமலிருக்க அந்தப் பையை ஒரு மஞ்சள் பைக்குள் வைத்து மனைவி மடியில் ஏந்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மடியில் வைத்தால் சிறுநீர் திரும்பி மேலேறும். அதே மஞ்சள் பையைக் காலடியில், தரையைத் தொடாமல், இருக்கையின் கம்பியில் மாட்டிவிட்டால் மறைவும் கிடைக்கும், தொற்று வரும் அபாயமும் குறையும். சிறுநீர் இளஞ்சிவப்பாக இருப்பது முதல் நாட்களில் இயல்பு. கட்டி கட்டியாக இரத்தம் வந்தாலோ, இரண்டு மணி நேரம் பையில் சொட்டுகூட விழாமல் அடிவயிறு கனத்தாலோ, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குழாயை எடுத்த பிறகு சிறுநீர் கசிவது ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. இருமினால், எழுந்தால், பாரம் தூக்கினால் கசியும். பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் படிப்படியாகக் குறையும். ஓராண்டு வரைகூட முன்னேற்றம் தொடரும். இதை அறுவைச் சிகிச்சைக்கு முன்பே இருவரும் ஒன்றாக இருக்கும்போது சொல்லியிருந்தால், நான் முதலில் சொன்ன அந்தக் கிணற்றடிக் காலைகள் நேர்ந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கசிவைக் குறைக்க இடுப்புத்தளத் தசைப் பயிற்சி உண்டு. வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல ஆசனவாயைச் சுற்றியுள்ள தசையை உள்ளிழுத்து, ஐந்து வினாடி பிடித்து, ஐந்து வினாடி விட வேண்டும். வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை என்பது நல்ல தொடக்கம். அறுவைச் சிகிச்சைக்குச் சில வாரம் முன்பே பழகிக்கொள்வது நல்லது. குழாய் உள்ளே இருக்கும் நாட்களில் செய்யக் கூடாது. பிள்ளை பெற்று வயதான பெண்கள் பலருக்கும் இருமும்போது கசிவது உண்டு, அவர்களுக்கும் இதே பயிற்சிதான். ஆகவே இருவரையும் சேர்ந்து செய்யச் சொல்லுங்கள். காலைச் சாயாவுக்கு முன் திண்ணையில் ஒன்றாக உட்கார்ந்து எண்ணிக்கொண்டே செய்யும் ஒரு தம்பதியைப் பார்த்தபோது, அந்த வீட்டில் நோயைப் பற்றிய பேச்சு தடையில்லாமல் நடந்துகொண்டிருந்ததைக் கவனித்தேன்.

தண்ணீரைக் குறைத்துக்கொண்டால் கசிவு குறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் சிறுநீர் அடர்ந்தால் சிறுநீர்ப்பை எரிச்சல்பட்டு அவசரம் கூடும். பகலில் நன்றாகக் குடித்து, மாலைக்குப் பின் குறைத்து, சாயாவையும் காப்பியையும் அளவாக்கினால் போதும். மெத்தைக்கு மேல் ஒரு ரப்பர் ஷீட், அதன் மேல் மடித்த பழைய பருத்தித் துணி, இவ்வாறு இரண்டு ஜோடி தயாராக இருக்கட்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஆண்களுக்கான பேடுகளை வாங்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்த கடையில் போய்க் கேட்க அவர் கூசுவார். ஈரமானதைத் தானே மடித்து வாளியில் போட்டு அலசும் வேலையை அவரிடமே விடுங்கள், உடலுக்கு இயலுமானால். அந்த வேலையை மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்ட பிறகு அந்த மார்த்தாண்டத்து மனிதர் உறங்குவதுபோல நடிப்பதை விட்டார்.

கதிர்வீச்சுக்குப் போகிறவர்களுக்கு வேறு விதமான சிரமம். வாரத்துக்கு ஐந்து நாள் என்று நான்கு முதல் எட்டு வாரம் வரை நாள்தோறும் போக வேண்டியிருக்கும். சிறுநீர்ப்பை நிறைந்தும் மலக்குடல் காலியாகவும் இருக்க வேண்டும். பையை நிறைத்துக்கொண்டு வரிசையில் காத்திருப்பது முதியவருக்கு எளிதில்லை என்பதால், எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று மருத்துவமனையில் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து கருவி மூலம் கதிர்வீச்சு பெற்றவரின் உடலில் கதிர்வீச்சு தங்குவதில்லை. மனைவி பக்கத்தில் படுக்கலாம், பேரப்பிள்ளைகள் மடியில் ஏறலாம். சுரப்பிக்குள்ளேயே கதிரியக்க விதைகளைப் பதிக்கும் முறையென்றால் மட்டும் சில காலம் தனி எச்சரிக்கைகள் உண்டு. அவற்றை மருத்துவரே எழுதித் தருவார்.

படுக்கையறையைப் பற்றிப் பேசுவது

“இந்த வயதில் இனி எதற்கு?” என்ற வாக்கியத்தை மருத்துவரிடமிருந்தும் உறவினரிடமிருந்தும் நான் கேட்டிருக்கிறேன், நோயாளியிடமிருந்து முதல் பேச்சாக ஒருபோதும் கேட்டதில்லை. அறுபத்தைந்து வயதுத் தம்பதிக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று முடிவுசெய்யும் உரிமை மூன்றாவது ஆளுக்கு இல்லை. உங்களால் செய்யக் கூடியது, உண்மையான தகவல் அவர்களுக்குக் கிடைக்கும்படி செய்வது. மகனோ மகளோ பேசுவதைவிட, ஒத்த வயதுள்ள தொண்டரோ செவிலியரோ பேசுவது நல்லது: கணவரிடம் ஓர் ஆண், மனைவியிடம் ஒரு பெண், பின்பு இருவரிடமும் சேர்த்து.

அவர்களுக்குச் சொல்ல வேண்டிய உண்மைகள் இவை. புற்றுநோய் தாம்பத்திய உறவினால் தொற்றாது. அறுவைச் சிகிச்சையின்போது விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியை ஒட்டியே ஓடுவதால் அவை பாதிக்கப்படலாம். நரம்புகளைக் காப்பாற்ற முடிந்திருந்தாலும் மீண்டு வர ஓராண்டோ இரண்டாண்டோ ஆகலாம், முழுமையாக மீளாமலும் போகலாம். விந்து இனி வெளிவராது. ஆனால் உச்ச உணர்வு இருக்கக் கூடும். கதிர்வீச்சுக்குப் பின் மாற்றம் உடனே தெரியாமல் சில ஆண்டுகளில் மெல்ல வரலாம். ஹார்மோன் அடக்கும் சிகிச்சையில் ஆசையே குறைந்துபோகும். இந்தக் கடைசிச் செய்தி தெரியாததால் உண்டாகும் துயரம் பெரிது. கணவர் திரும்பிப் படுத்துக்கொள்வதைப் பார்த்து, “எனக்க மேல உள்ள பிரியம் போயிட்டுது” என்று ஒரு மனைவி இரண்டு ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசியின் வேலை அது என்று ஒருவரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

விறைப்புக்கு மாத்திரை, வெற்றிடக் கருவி, ஊசி என்று சிகிச்சைகள் இருக்கின்றன. சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து எடுப்பவர் சில்டெனாஃபில் வகை மாத்திரையைச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் அபாயகரமாக வீழ்ந்து உயிருக்கே கேடாகலாம். லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி ஆண்மைக் குறைவுக்கு மருந்து தருவதாகச் சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம், கூச்சத்தின் காரணமாகவே பலர் ரகசியமாகப் போய்ப் பணத்தை இழக்கிறார்கள். கேள்வியைத் திறந்து கேட்க ஒரு நல்ல இடம் இருந்தால் அங்கே போகமாட்டார்கள்.

மருந்துகளுக்கு அப்பாலும் நிறைய இருக்கிறது. குழாய் போட்ட நாளிலிருந்து அவர் திண்ணைக்கும் அவள் உள்ளறைக்குமாகப் பிரிந்துபோன வீடுகளில், குழாய் எடுத்த பிறகும் அந்தப் பாய்கள் ஒன்று சேர்வதில்லை. ரப்பர் ஷீட் விரித்த ஒரே கட்டிலில் மீண்டும் படுப்பது, காலில் எண்ணெய் தேய்த்துவிடுவது, கை கோத்துக்கொண்டு படுத்திருப்பது ஆகியவற்றை ஒரு மருத்துவரோ தொண்டரோ வாய்விட்டுப் பரிந்துரைத்தால், இருவருமே அதற்குக் காத்திருந்தது தெரியவரும். வீடு நெருக்கமானது, பேரப்பிள்ளைகள் பாட்டியோடு படுக்கிறார்கள் என்றால், பிள்ளைகளை வேறு அறைக்கு மாற்றுவது மருமகள் செய்யக் கூடிய, எவரும் வாய்விட்டுக் கேட்க முடியாத உதவி.

ஹார்மோன் ஊசியும் மாறும் மனிதரும்

ஆண்மைச் சுரப்பு நீரான டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தினால் புராஸ்டேட் புற்றுநோய் சுருங்கும் என்பதை 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் நிறுவினார். அதற்காக 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் பரவிய நோய்க்கு அதுவே அடிப்படைச் சிகிச்சை. மாதம் ஒன்று, மூன்று மாதம் ஒன்று என்று ஊசி போட்டும் அதைச் செய்யலாம், விரைகளை அறுவை மூலம் எடுத்தும் செய்யலாம். ஊசிக்குத் தொடர் செலவு, அறுவைக்கு ஒரு முறை செலவு என்பதால் எளிய குடும்பங்களில் பலர் இரண்டாவதைத் தேர்கிறார்கள். அந்த ஒப்புதல் தாளில் கையெழுத்திடுமுன் இருவருக்கும் ஒரு நாளாவது அவகாசம் கேளுங்கள், ஏனெனில் அது திரும்பப் பெற முடியாத முடிவு. வீட்டுக்கு வெளியே அது ஒரு சொல்லாகக்கூட உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது.

இந்தச் சிகிச்சையில் திடீரென்று உடம்பெல்லாம் அனல் அடித்து வியர்க்கும், களைப்பு வரும், எடை கூடும், மார்பு வலித்துப் பருக்கலாம், எலும்பு மெலியும், சர்க்கரையும் கொழுப்பும் கூடலாம், காரணமில்லாமல் கண்ணீர் வரும். “ஆம்பிள அழலாமா?” என்று கேட்கும் வாயை அடைக்க வேண்டியது துணையாளரின் வேலை. அனல் அடிப்பதைப் பற்றி அந்த வீட்டிலேயே நன்கு தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார்: மாதவிடாய் நின்ற காலத்தில் அதே அனலை, பெரும்பாலும் எவரிடமும் சொல்லாமல், தாண்டி வந்த மனைவி. ஒரு வீட்டில் இதை நான் எடுத்துச் சொன்னபோது அந்த அம்மா கணவரைப் பார்த்து, “அன்னைக்கு ராத்திரி ராத்திரி முற்றத்துல வந்து நின்னேன், நீங்க ஏன்னு கேக்கல்ல” என்றார். அவர் நெடுநேரம் தலை குனிந்திருந்துவிட்டு, “தெரியாமப் போச்சு” என்றார். பிறகு அந்த அம்மாவே பருத்தித் துணி, சன்னலோரப் படுக்கை, இரவில் காரம் குறைத்தல் என்று ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்.

ஊசித் தேதியைச் சுவர் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள், தள்ளிப்போடக் கூடாது. நாள்தோறும் நடை, வாரத்தில் சில நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சி, கால்சியம், வைட்டமின் டி பற்றி மருத்துவரின் ஆலோசனை, சர்க்கரைப் பரிசோதனை ஆகியவை தேவை. எலும்பை வலுப்படுத்தும் ஊசி தொடங்குமுன் பல் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

எலும்புக்குப் பரவும்போது இந்த நோய் பெரும்பாலும் முதுகெலும்பையும் இடுப்பையும் தேடிப் போகும். நம் பக்கத்தில் முதுகுவலி என்றால் வர்ம ஆசானிடம் போய்த் தடவுவது தலைமுறை வழக்கம். அந்தக் கலையை மதிப்பவன் நான். ஆனால் புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவருக்கு முதுகுவலி வந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் தடவவோ அழுத்தவோ கூடாது, மெலிந்த எலும்பு முறிந்துவிடும். முதுகுவலியோடு கால் மரத்துப்போதல், நடை தளர்தல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழத்தல் இவற்றில் எது சேர்ந்தாலும் தண்டுவடம் நெருக்கப்படுவதாகக் கொண்டு, விடியும்வரை காத்திராமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஒரு நாள் தாமதத்தில் கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கலாம். கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அதுவும் அதே அவசரம்.

மனைவிக்கு என்று ஒரு நாள்

“நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?” என்று மனைவியிடம் கேட்டால் கணவரின் உடல்நிலையைத்தான் பதிலாகச் சொல்வார். இரண்டாவது முறை கேளுங்கள். அவருடைய இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து எத்தனை நாளாயிற்று, கடைசியாக எப்போது தொடர்ந்து ஐந்து மணி நேரம் உறங்கினார், கோயிலுக்கோ ஆலயத்துக்கோ போய் எவ்வளவு நாளாயிற்று என்று குறிப்பாகக் கேட்டால்தான் விடை கிடைக்கும். வாரத்தில் ஒரு பிற்பகல் நீங்கள் கணவருடன் இருக்க, மனைவி வெளியே போய்வரட்டும். போகமாட்டேன் என்பார், தங்கை வீட்டுக்கு ஓர் எட்டு என்று காரணம் ஒன்றைக் கொடுத்தால் போவார். ரப்பர் பால்வெட்டுக்கு விடியலில் போகிற பெண்கள் கணவரின் சிகிச்சைக்காக மாதக்கணக்கில் கூலியை இழக்கிறார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பல வீடுகளில் அந்த வருமானம் நின்ற பிறகுதான் ஊசி தள்ளிப்போகிறது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் கேரளத்தின் காருண்யா திட்டமும் வெவ்வேறு. உங்கள் அட்டை எல்லைக்கு அப்பால் அந்தக் குறிப்பிட்ட மருத்துவமனையில், அந்தக் குறிப்பிட்ட சிகிச்சைக்குச் செல்லுமா என்பதை அனுமதிக்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் நேரில் கேட்டுவிடுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் செய்யக் கூடியவற்றை அங்கேயே செய்துகொண்டால் அலைச்சல் குறையும். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். உடன் செல்லும் அந்த ஒருவர் மனைவியாக இருக்கட்டும்.

உடன்பிறந்த சகோதரருக்கும் மகன்களுக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். நாற்பத்தைந்து வயதை ஒட்டிப் பி.எஸ்.ஏ. பரிசோதனை பற்றி அவர்கள் மருத்துவரிடம் பேச வேண்டும். குடும்பத்தில் மார்பகம், சினைப்பை ஆகியவற்றிலும் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், சில குடும்பங்களில் ஒரே மரபணு மாற்றம் இவை எல்லாவற்றுக்கும் காரணமாக இருக்கும்.

நோய் கட்டுக்கு அடங்காதபோது

வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டிய கட்டாயம் இன்று யாருக்கும் இல்லை. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் கேரளம் முழுவதும் பரவி, வீட்டுக்கே வந்து கவனிக்கும் வழக்கத்தை உண்டாக்கியது. 2003-இல் தொடங்கிய பாலியம் இந்தியா என்ற வலி தணிப்பு அமைப்பு திருவனந்தபுரத்தில் இயங்குகிறது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த் தணிப்புச் சேவையும் வீடு தேடி வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிய வேண்டும். மார்ஃபின் மாத்திரை தொடங்கினால் முடிவு வந்துவிட்டது என்று பொருளல்ல. வலி குறைந்து அவர் உட்கார்ந்து பேசவும் உண்ணவும் முடிகிறது என்பதே அதன் பொருள். மலச்சிக்கலுக்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள்.

ஓய்வூதிய வாரிசுதாரர் பெயர், வங்கிக் கணக்கு, நிலத்தின் பத்திரம் எங்கே இருக்கிறது என்பவற்றை மனைவியிடம் சொல்லிவிட வேண்டும் என்ற கவலை பெரும்பாலான ஆண்களுக்கு உண்டு. அபசகுனம் என்று பிள்ளைகள்தான் தடுக்கிறார்கள். தடுக்காமல் ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுங்கள்.

கட்டிலை முன்னறைக்கு மாற்றினால் வருகிறவர்கள் பார்க்க வசதி, ஆனால் அங்கே பகல் முழுவதும் ஆள் இருந்துகொண்டே இருக்கும். அதனால் நாள்தோறும் ஒரு மணி நேரம், மாலை விளக்கு வைத்த பிறகோ ஜெபம் முடிந்த பிறகோ, வந்தவர்களை எழுப்பி அனுப்புங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில், அவர் கை எட்டும் தூரத்தில், அவளுக்கு ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு, தொலைக்காட்சியை நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டு நீங்களும் வெளியே வந்து திண்ணையில் உட்காருங்கள்.